அலோனுக்கும் லோன்லிக்கும் நடுவே ஒரு வாங்கு

பினாயில் ஊறிய பலகைக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. காலையில் மணி அடிப்பதற்குச் சற்று முன் பள்ளி ஆயா அந்தப் பலகையைத் துடைத்துவிட்டுப் போவாள். அது காய்வதற்குள் நான் போய் உட்கார வேண்டும். பாவாடை வழியாக ஈரம் ஏறித் தொடையில் ஒட்டிக்கொண்டு முதல் பாடம் முடியும்வரை பிசுபிசுக்கும். மாலையில் நான் எழுந்து போனதும் மறுபடியும் துடைப்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த நாளில் இருந்த பெண்கள் ஆங்கிலப் பள்ளி ஒன்றில், கதவை ஒட்டி, மற்ற பெஞ்சுகளிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடப்பட்டிருந்த அந்தக் குட்டைப் பெஞ்சு எனக்கு மட்டுமே உரியது. எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் அதை 'வாங்கு' என்பார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். தனியாக இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது அந்த வாங்கில்தான். கற்றுக்கொண்டேன் என்பதுகூடச் சரியில்லை. என்னை வைத்து வகுப்பே கற்றுக்கொண்டது.

அதற்கு முன்னால் அப்பாவின் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் உலைக்களத்தில் சம்மட்டி அடிப்பவர். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் 'குவாட்டர்ஸ்' வரிசையில், புகைபிடித்த ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். உலைக்களத்து ஆட்களிடையே ஒருவனுடைய தரத்தை அளக்க ஒரு வழி உண்டு. புதிதாக வந்தவன் சூடான இடுக்கியைத் தொட்டுவிட்டுத் துள்ளினால் அன்று முழுக்க அவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்; நாளாக நாளாகக் கை காய்த்து, சூடு உறைக்காமல் போகும்; அப்போதுதான் அவன் ஆள். எங்கள் அப்பாவுக்கோ சூடே உறைக்காது. கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணி பிடிக்காமல் அடுப்பிலிருந்து இறக்கி வைப்பார். "அது கையில்ல, கொறடு" என்று பட்டறை ஆட்கள் சொல்வதை அம்மா அண்டை அயலில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். வேறெந்தத் தெருவில் இருந்திருந்தாலும் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார். உறைக்காமலிருப்பதே திறமை என்று கொண்டாடுகிற கூட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது எப்படித் தோன்றும்?

கோயில் அன்னதானத்தில்தான் அது வெளிப்பட்டது. சாம்பார் அண்டாவை இறக்க ஈரச் சாக்கைத் தேடி ஆட்கள் ஓடியபோது, "தள்ளுங்கடா" என்று அப்பா போய் வெறுங்கையால் அண்டாவின் காதைப் பிடித்து, மறுபக்கம் இன்னொருவர் சாக்கு வைத்துப் பிடிக்க, அலுங்காமல் இறக்கி வைத்தார். பெண்கள் பக்கமிருந்துகூடச் சிரிப்பும் பாராட்டும் எழுந்தன. எங்கள் தங்கரத்தினம் டீச்சரின் தமையனார் பெரிய ஆஸ்பத்திரியில் 'டிரஸர்'. புண்ணுக்குக் கட்டுப்போடும் உத்தியோகம் என்றாலும், டாக்டருக்கு அடுத்தபடியாக ஊரில் மதிக்கப்பட்டவர். அவர் பந்தியிலிருந்து எழுந்து அப்பாவிடம் வந்தார்.

"எங்க, அந்தக் கையை ஒருக்கா காட்டு பாப்பம்."

அப்பா பெருமையாக நீட்டினார். டிரஸர் தம் சால்வையிலிருந்த ஊசியைக் கழற்றி உள்ளங்கையின் ஓரத்தில் குத்தினார். அப்பா யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஊசி நின்றது. சுற்றி நின்றவர்கள் அதையும் வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள், அம்மாவும் தட்டினாள். டிரஸர் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைப் பிடுங்கி, சால்வையில் திரும்பக் குத்தாமல், அடுப்புக்குள் எறிந்தார்.

பெருவியாதி, அதாவது குஷ்டம். அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி வண்டி வந்து, நகரத்துக்கு வெளியே வேலி போட்டு வைத்திருந்த நோயாளிகள் குடியிருப்புக்கு அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அவர் பட்டறை ஆள் இல்லை என்று ஆனதும் குவாட்டர்ஸும் எங்களுக்கு இல்லை. கிள்ளான் ஆற்றோரம் ஒரு பலகை வீட்டுக்கு மாறினோம். அம்மாவுக்கு ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. அந்தச் சீனர் எதையும் கேட்கவில்லை; தமிழர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். நாங்கள் விட்டுவந்த வீட்டு வாசலில் அயலார் தொற்று போகச் சுண்ணாம்பு அடித்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அம்மா சாப்பிடவில்லை. சொந்தக்காரியைப்போலப் பழகிய பக்கத்து வீட்டு அக்காதான் முதல் வாளியைக் கொண்டுவந்தாளாம்.

பள்ளிக்கூடத்திலும் பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். என்னையும் அம்மாவையும் டாக்டர் பார்த்து, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார மிஸ்ஸி நியாயஸ்தி. டாக்டர் சொன்ன பிறகு குழந்தையை எப்படி வெளியேற்றுவது என்று கேட்டுவிட்டார். பெற்றோர்கள் விடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் மனம் கோணாமல் தங்கரத்தினம் டீச்சர் கண்டுபிடித்த வழிதான் கதவோரத்து வாங்கு.

"பிள்ளை, இனி நீ இதில இரு. காத்து நல்லா வரும்" என்றார்.

காற்று நன்றாகத்தான் வந்தது. மழை பெய்தால் சாரலும் வந்தது. ஆனால் அதுவரை நான் உட்கார்ந்திருந்தது கமலத்தின் பக்கத்தில். சிக்னல்காரர் மகள் கமலமும் நானும் ஒரே மேசையில், ஒரே மைக்கூட்டில் பேனா தொட்டு எழுதுவோம்; சீனன் கடையில் வாங்கும் ஊறவைத்த மாங்காயை, 'ஜெருக்' என்போம், ஒரு கடி அவள், ஒரு கடி நான் என்று தின்போம். அந்த இடம் எனக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அந்த வயதில் வேறு ஆசையே இருக்கவில்லை. அப்பா திரும்பி வரமாட்டார் என்று அம்மாவின் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டுவிட்டேன். கமலத்தின் பக்கம் திரும்ப முடியாது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

டீச்சர் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். எந்தச் சொல்லையும் கண்ணால் காட்டித்தான் சொல்லிக் கொடுப்பார். ஒரு நாள் கரும்பலகையில் அலோன், லோன்லி, சாலிட்டரி, லோன்சம், ஐசொலேட்டட் என்று வரிசையாக எழுதினார். சாலிட்டரிக்கு ஜன்னல் வழியே, தண்டவாளத்துக்கு அப்பால் நின்ற ஒற்றை மரத்தைக் காட்டினார். அது தானாகவே அப்படி நிற்கிறது, அதற்கு ஒரு கம்பீரம் உண்டு என்றார். ஐசொலேட்டட் என்றால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்தது. அதற்கு உதாரணமாகத் தம் அண்ணன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க்கென்று இருந்த தனி வார்டைச் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் இருந்தது அவருடைய நாகரிகம். வகுப்பு முழுவதும் பார்த்தது.

அலோனுக்கும் லோன்லிக்கும் வந்தபோது அவருக்கே ஒரு யோசனை தோன்றியிருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. சாக்பீஸ் பிடித்த கையால் என்னைச் சுட்டி, "அஞ்சலை இஸ் அலோன். பட் அஞ்சலை இஸ் நாட் லோன்லி. ஷீ ஹாஸ் ஹர் புக்" என்றார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அலோன். ஆள் இல்லாதது உள்ளே போய்க் குடைந்தால் லோன்லி. அஞ்சலைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, ஆனால் குடையவில்லை. ஏனென்றால் அவளிடம் புத்தகம் இருக்கிறது. வகுப்பு அதை ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. அவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அது விளையாட்டாயிற்று. இடைவேளையில் நான் எந்த மூலையில் நின்றாலும் நாலு பேர் வந்து தூரத்தில் நின்றுகொண்டு, "அஞ்சலை இஸ் அலோன்" என்று ஒரு கட்சியும் "நாட் லோன்லி" என்று மறு கட்சியும் பாடுவார்கள்; நான் ஓர் அடி எடுத்து வைத்தால் கூச்சலிட்டு ஓடுவார்கள். எல்லாரையும்விட வேகமாக ஓடுபவள் கமலம். லோன்சம் என்ற சொல்லுக்கு வாக்கியம் எழுதச் சொன்னபோது, "அஞ்சலையின் சிலேட்டு லோன்சமாக இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் தொடுவதில்லை" என்று எழுதிப் பாராட்டு வாங்கியவளும் அவள்தான். நல்ல வாக்கியம். இன்று பார்த்தாலும் அதில் திருத்த ஒன்றுமில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் துரை பள்ளிக்கு வருவார். அவர் வந்துவிட்டுப் போகும் நாளை வைத்துத்தான் டீச்சர்மாருக்குச் சம்பள உயர்வு. அதனால் வருகைக்கு முந்தின வாரம், திக்கித் திணறும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உனக்கு அண்டைக்குக் காய்ச்சல், விளங்குதா?" என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிடுவது எல்லா வகுப்பிலும் உள்ள வழக்கம். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் இருக்கும். அந்த முறை காய்ச்சல் வரப்போகிறவர்களில் நான்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன். டீச்சரோ என்னைக் கூப்பிட்டார், வழக்கமான தூரத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நீ கட்டாயம் வரவேணும் பிள்ளை. நீ இல்லாட்டில் அந்தப் பாடமே இல்லை."

"டீச்சர், அதுக்கப்புறம் நான் கமலம்கிட்ட உக்காந்துக்கலாமா?"

டீச்சர் சற்று யோசித்தார். "துரை வந்துட்டுப் போகட்டும். பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் எவ்வளவோ கோட்டை கட்டினேன். அம்மா பித்தளைச் செம்பில் தணல் போட்டு என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, "நோ சார், ஐ ஆம் நாட் லோன்லி, ஐ ஹாவ் மை புக்" என்று நாக்கு வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். துரை என்னிடமே கேட்டுவிட்டால் சொல்லவேண்டிய பதில் என்று டீச்சர் அதை முன்கூட்டியே கொடுத்திருந்தார்.

துரை உயரமான, சிவந்த, வேர்த்துக்கொண்டே இருந்த மனிதர். முகத்தில் கடுமை இல்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. மிஸ்ஸியும் டீச்சரும் பின்னால் நிற்க, கரும்பலகையில் இருந்த சொற்களைப் பார்த்துவிட்டு, அலோனுக்கும் லோன்லிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். வகுப்பு ஒரே மூச்சில் என் வாக்கியத்தைச் சொன்னது. துரை சிரித்தார்.

"ஹூ இஸ் அஞ்சலை?"

எல்லா விரல்களும் கதவோரம் திரும்பின. துரை நாலு எட்டில் வந்து என் முன்னால் நின்றார். வெகு நாட்களுக்குப் பிறகு அம்மாவைத் தவிர ஒரு மனிதர் என் அருகில் வந்து நின்றது அப்போதுதான். சோப்பும் சுருட்டும் கலந்த ஒரு வாசனை பினாயிலைத் தள்ளிக்கொண்டு வந்தது. "அண்ட் இஸ் இட் ட்ரூ? ஆர் யூ நாட் லோன்லி?" என்று குனிந்து கேட்டார்.

டீச்சரைப் பார்த்தேன், அவர் உதடு என் பதிலை ஓசையின்றி முணுமுணுத்தது. துரையைப் பார்த்தேன். டீச்சருக்கு மேலே மிஸ்ஸி, மிஸ்ஸிக்கும் மேலே இவர். இவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் கமலத்தின் பக்கத்துக்குப் போய்விடலாம். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் இவருக்கு உண்மை தெரியவேண்டும். என் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

"யெஸ் சார்" என்றேன். "ஐ ஆம் அலோன், அண்ட் ஐ ஆம் லோன்லி. மை பிளேஸ் இஸ் நியர் கமலம், சார்."

டீச்சரின் முகம் சுண்ணாம்பாயிற்று. துரை நிமிர்ந்து, ஒரு நொடி என்னையே பார்த்துவிட்டு, பலமாகச் சிரித்தார். எவ்வளவு துல்லியம் பாருங்கள், இந்தச் சின்னப் பெண் இரண்டு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டாள், புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காமல் யோசித்துச் சொல்கிறாள் என்று மிஸ்ஸியிடம் பாராட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அதை என்னிடம் நீட்டும்போது மிஸ்ஸி அவர் காதருகில் ஏதோ சொன்னார். நீட்டிய கை நின்றது. என் கை நீண்டிருந்தது. துரை பென்சிலை வாங்கின் ஓரத்தில் வைத்தார். அது உருண்டு என் பக்கம் வந்தது. கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே வகுப்பைப் பார்த்து, இப்படிப்பட்ட டீச்சர் உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார். எல்லாருக்கும் அரை நாள் விடுமுறை கொடுக்கச் சொன்னார்.

பிள்ளைகள் 'ஹோ' என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். டீச்சர் என் எதிரில் வந்து நின்றார். கோபம் இல்லை, கண்ணில் ஒரு மினுமினுப்புக்கூட இருந்தது.

"நல்ல காலம், துரைக்குப் பிடிச்சுப் போச்சு" என்றார்.

"கமலம் பக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"இனி என்னெண்டு பிள்ளை மாத்துறது? துரையே பாத்து நல்லதெண்டு சொல்லிட்டுப் போனவர். அது உன்ர வாங்குதான்."

மறுநாள் காலையில் பலகை ஈரமாக இருந்தது. அடுத்த வருஷம் கீழ் வகுப்புக்கு அதே பாடம் வந்தபோது, டீச்சர் அந்தப் பிள்ளைகளை வரிசையாக எங்கள் வகுப்பு வாசலுக்கு அழைத்துவந்து காட்டினார். பாடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார். 'நாட்' என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்.

பென்சிலை அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று அடம்பிடித்தேன். பார்வையாளர் நாளில் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் முள்கம்பி வேலி, அந்தப் பக்கம் அவர். விரல்கள் சில மடங்கிப்போயிருந்தன. நான் கற்ற சொற்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னேன். அப்பா முழுதும் கேட்டார்.

"ஒண்டியா இருக்கறதுக்கு இம்புட்டுச் சொல்லா? வெள்ளக்காரன் ரொம்ப அடிபட்டிருப்பான் போல" என்றார். பிறகு, "இங்க ஆளுக்குக் கொறச்சலே இல்லம்மா. படுத்தா பக்கத்துல ஆளு, எந்திரிச்சா பக்கத்துல ஆளு. ஒன்னோட மொத சொல்லு எனக்குச் சேராது. ரெண்டாவது என்ன சொன்ன?"

"லோன்லி."

"அது போதும் எனக்கு" என்று சிரித்தார்.

டீச்சர் என்னை உட்காரவைத்துச் சொன்ன வாக்கியம் அங்கே அப்படியே தலைகீழாக நின்றது. அலோன் இல்லை, லோன்லி. அதை அவருக்கு எந்தப் பள்ளியும் சொல்லிக் கொடுக்கவில்லை. பென்சிலைக் கம்பி இடுக்கு வழியாக வாங்கி, இரண்டு முனையையும் பார்த்து, உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு கிழித்துக்கொண்டார். நான் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். தட்டியதும் அவளே திடுக்கிட்டு நின்றாள். அப்பாவுக்கு முகம் ஒரு கணம் மாறி, மறுகணம் சரியாயிற்று.

"உள்ள வந்த சாமான் வெளிய போகக்கூடாதும்மா. இங்க சட்டம்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சற்று முன்னால் அவர் அங்கேயே இறந்துபோனார். உடலை வெளியே தரவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக் கட்டடம் இல்லை. குவாட்டர்ஸ் வரிசையும், டீச்சர் சாலிட்டரிக்குக் காட்டிய மரமும் இல்லை. அந்த நோய்க்கே மாத்திரை வந்துவிட்டது; விழுங்கினால் போய்விடுகிறதாம். இன்ஸ்பெக்டர் துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாயிற்று. அந்த வாங்கை யார் எரித்தார்களோ, யார் வீட்டுக் கூரைக்குப் பலகையாயிற்றோ தெரியாது.

கமலம் இருக்கிறாள். போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தில், நரைத்துப் பருத்த ஒரு கிழவி என் பெயரைக் கூவிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அடையாளம் தெரிய எனக்குத்தான் நேரமாயிற்று. பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அஞ்சலை இஸ் அலோன், பட் அஞ்சலை இஸ் நாட் லோன்லி" என்று மணப்பெண் பக்கத்து ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஒப்பித்தாள். "ஒரு வார்த்த மறக்கல பாரு. உன்னாலதானே அன்னிக்கு எங்களுக்கு அரை நாள் லீவு கெடச்சிச்சு. எவ்ளோ ஜாலியா இருந்தோம் லா, அந்த நாள்ல."

"ஆமாம்" என்றேன்.

"நீ மட்டும் தனி பெஞ்சுல ராணி மாதிரி உக்காந்திருப்ப. எனக்கெல்லாம் ஒரே பொறாமை. ஏன் உனக்கு மட்டும் தனி பெஞ்சு குடுத்தாங்க? நீ மார்க் நெறைய வாங்குறதாலதானே?"

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கேலி இல்லை. நடிப்பும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. கேட்டுவிட்டு, விசிறிக் காற்று வரவில்லை என்று நாற்காலியை இன்னும் என் பக்கம் இழுத்துப்போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். அந்த வயதில் நான் கேட்ட இடம் அதுதான்.

"ஆமாம், மார்க்குக்காகத்தான்" என்றேன். ஞாபகப்படுத்தினால் எழுந்து போய்விடுவாள்.